பந்து கையில் இருக்கட்டும், பாடப்புத்தகம் எங்கே? சத்னாம் சிங், பில்கீஸ் அப்துல் காதிர் இருவரின் பள்ளி, கல்லூரிக் கதை



நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு நாள் மஃரிப் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் பள்ளிவாசல் திண்ணையில் எனக்காகக் காத்திருந்தார்.

"ஹஸ்ரத், ஒரு யோசனை கேட்கணும். பையன் எட்டாவது படிக்கிறான். இப்பவே ஆறடியை நெருங்கிட்டான். கூடைப்பந்து நல்லா ஆடுறான்னு பி.டி. மாஸ்டர் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்றார். வீட்ல வேண்டாம்ங்கிறாங்க. படிப்பு போயிடும்னு பயம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க பாய்?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். இன்னொண்ணும் இருக்கு. மகள் பத்தாவது. அவளும் ஆடுறா, ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டுத்தான். 'தம்பிக்கு மட்டும் ஹஸ்ரத்கிட்ட கேக்கிறீங்களே அத்தா, எனக்குக் கேக்க மாட்டீங்களா'ன்னு வீட்ல ஒரே சண்டை."

இது கூடுமா கூடாதா என்று மட்டும் கேட்கிற கேள்வியாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பியிருப்பேன். உடற்பயிற்சியும் ஓட்டமும் மல்யுத்தமும் நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே இருந்தவை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸ் நூல்களில் இருப்பது நம் மதரஸா மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சகோதரர் கேட்டது வேறு. ஒரு பிள்ளையின் பதினான்கு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரையுள்ள எட்டு வருடத்தை எதை நம்பி ஒப்படைப்பது என்று கேட்டார். ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்றேன்.

கூடைப்பந்தில் பள்ளியும் கல்லூரியும் எப்படி ஒரு ஏணியாக வேலை செய்கின்றன என்று தேடியபோது இரண்டு பேரின் வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் பஞ்சாப் விவசாயி மகன். இன்னொருவர் அமெரிக்காவில் பிறந்த முஸ்லிம் பெண். அந்தத் தகப்பனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். டவுன்ஷிப்பிலும் மந்தாரக்குப்பத்திலும் வடலூரிலும் இதே கேள்வியோடு இருக்கும் வீடுகள் இன்னும் உண்டு.

முதலில் பையன் விஷயம்.

சத்னாம் சிங் 1995 டிசம்பரில் பஞ்சாப் மாநிலம் பர்னாலா மாவட்டத்தின் பல்லோ கே என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் பல்பீர் சிங்கும் ஏழடிக்கு மேல் உயரம். அவரையும் ஒரு காலத்தில் கூடைப்பந்து ஆடச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தினர் நிலத்தைப் பார் என்று சொல்ல, அவர் விவசாயத்திலேயே நின்றுவிட்டார். தனக்குக் கிடைக்காதது மகனுக்குக் கிடைக்கட்டும் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை அப்படித்தான் அனுப்புகிறோம்.

பையன் லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சேர்ந்தான். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் சங்கரன் சுப்பிரமணியன். அந்த ஒரு அகாடமியிலிருந்து இந்திய அணிக்கு வரிசையாக ஆட்கள் வந்தார்கள். அவர்களில் இருவரின் பெயர் இந்தக் கட்டுரையில் பின்னால் வரும். 2010இல் ரிலையன்ஸும் ஐ.எம்.ஜி. என்ற அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து இந்தியாவிலிருந்து திறமையான சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து, ஃபுளோரிடா மாநிலம் பிராடன்டனில் உள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்கு ஸ்காலர்ஷிப்பில் அனுப்பின. சத்னாமுக்கு அப்போது பதினான்கு வயது. வளர்ந்து முடித்தபோது உயரம் ஏழடி இரண்டு அங்குலம்.

பஞ்சாபி மட்டும் பேசிய பையன். ஆங்கிலம் அறவே தெரியாது என்றே சொல்லலாம். பகலில் வகுப்பு, பிறகு பயிற்சி. சாப்பாடு புதிது, பேச்சு புதிது, பாடம் முழுவதும் ஆங்கிலம். வெளியூர் மதரஸாவில் பத்து வயதில் கொண்டுபோய் விடப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த முதல் வருடம் எப்படி இருக்கும் என்று தெரியும். எனக்கும் தெரியும். அங்கேயாவது பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன் தமிழ் பேசுவான்.

ஆட்டத்தில் பையன் முன்னேறினான். பதினைந்து வயதிலேயே, 2011இல், சீனாவின் வூஹானில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் சீனியர் அணிக்காக ஆடினான். அகாடமியின் பள்ளி அணியிலும் இடம் பிடித்தான். அமெரிக்க வழக்கப்படி அடுத்த படி கல்லூரி.

இந்த இடத்தில் அந்த நாட்டு முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஹைஸ்கூல். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு முதன்மை அணி உண்டு. உள்ளூர்ப் பள்ளிகளின் ஆட்டத்தைப் பார்க்க ஊரே திரண்டு வரும். கல்லூரிப் பயிற்சியாளர்கள் அங்கே வந்து உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிடித்துப்போனால் ஸ்காலர்ஷிப் தருவார்கள். கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடக்கம். அங்கே கல்லூரிச் செலவு நம் ஊர்க் கணக்கில் லட்சங்களில் போகும் என்பதால், ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய வாசல்.

ஆனால் அந்த வாசலில் ஒரு காவலாளி உண்டு. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு, ஹைஸ்கூலில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அதில் ஆங்கிலம் மட்டும் நான்கு ஆண்டு, கணக்கு மூன்று ஆண்டு, அறிவியல் இரண்டு ஆண்டு, சமூக அறிவியல் இரண்டு ஆண்டு. இவற்றில் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரியும் வேண்டும். ஏழடி இரண்டு அங்குலம் என்பதற்காகவெல்லாம் அந்தக் காவலாளி வழிவிடுவதில்லை.

சத்னாமால் அந்தப் படிப்புத் தகுதியை எட்ட முடியவில்லை.

இதில் அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினான்கு வயதில் ஒரு புதிய மொழியில் இறக்கிவிடப்பட்டவன், நாலைந்து வருடத்தில் அந்த மொழியிலேயே கணக்கும் அறிவியலும் இலக்கியமும் எழுதித் தேற வேண்டியிருந்தது. தினமும் மணிக்கணக்கில் பயிற்சி வேறு. அவனைத் தேர்ந்தெடுத்தவர்கள் உயரத்தை அளந்தார்கள், கையை அளந்தார்கள், பாதத்தை அளந்தார்கள். எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தை அளந்து பார்த்து, அதற்கென்று முதல் வருடத்தை முழுதாக ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கல்லூரி இல்லை என்றானதும் மிச்சம் இருந்த ஒரே வழி நேரே தொழில்முறை ஆட்டம். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் அணிகள் ஆண்டுதோறும் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள் ஒன்று உண்டு. இரண்டு சுற்று, மொத்தம் 60 பேர். 2015 ஜூனில் நடந்த அந்தத் தேர்வில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது இடத்தில் சத்னாம் சிங்கின் பெயரை அறிவித்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. அணியால் தேர்வு செய்யப்பட்ட முதல் ஆள். அன்று நம் பத்திரிகைகள் எல்லாம் முதல் பக்கத்தில் போட்டு மகிழ்ந்தன. அவரைப் பற்றி ஆவணப்படமும் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தப் பத்திரிகைகள் அவ்வளவு பெரிதாகப் போடவில்லை. டல்லாஸின் துணை அணியான டெக்ஸாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவம் இருந்தார். களத்தில் கிடைத்த நேரம் சொற்பம். என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. பிறகு இந்தியாவில் சில காலம், கனடாவில் சில காலம். 2019 நவம்பரில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். 2020 டிசம்பரில் இரண்டு ஆண்டுத் தடை உறுதியானது. இப்போது அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்த மேடையில் இருக்கிறார். உழைத்துச் சம்பாதிக்கிறார், அதில் இழிவில்லை. ஆனால் கல்லூரியில் நான்கு ஆண்டு கிடைத்திருந்தால், அவரைப் போல மெதுவாகப் பக்குவப்படும் பெரிய உடல்காரருக்கு அதுதான் ஆட்டம் கற்கும் காலமாக இருந்திருக்கும் என்று கூடைப்பந்து தெரிந்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆட்டம் கைகொடுக்காவிட்டாலும் கையில் ஒரு பட்டம் இருந்திருக்கும்.

ஊக்கமருந்து என்று சொன்னதால் ஒரு வார்த்தை. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்கிக் குடிக்கிறார்கள். ஹலாலா என்று பார்க்கிற நாம், அதில் தடைசெய்யப்பட்ட பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. உடல் எடை, சதை ஏற்றுவதாகச் சொல்லி விற்கும் பொருள்கள் பலவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது டப்பாவின் மேல் முழுதாக எழுதப்பட்டிருக்காது. சோதனையில் சிக்கினால் 'தெரியாமல் குடித்தேன்' என்பது பெரிய தப்பிப்பு அல்ல. உடலுக்குள் போனதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பதுதான் விதி. முட்டை, பால், கடலை, மீன் போதும் என்று பையனிடம் சொல்லச் சொன்னேன்.

இதுவரை கேட்ட அந்தச் சகோதரரின் முகம் வாடிவிட்டது. "அப்போ வேண்டாம்ங்கிறீங்களா ஹஸ்ரத்?" என்றார். "மகள் விஷயத்தையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க பாய்" என்றேன்.

பில்கீஸ் அப்துல் காதிர் 1990 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற பெயரைக் கூடைப்பந்துக்காரர்கள் மரியாதையோடு சொல்வார்கள். 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, பழம் பறிக்கும் கூடைகளை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தது அந்த ஊரில்தான். அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்து வளர்ந்த கடைசித் தங்கை பந்தைக் கையில் எடுத்தாள்.

உயரம் ஐந்தரை அடிக்கும் குறைவு. இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். கூடைப்பந்து என்றால் உயரம் என்று நினைக்கிறோம். பந்தைத் தட்டிக்கொண்டு வேகமாக ஓடி, யாருக்குத் தர வேண்டும் என்று நொடியில் முடிவெடுத்து, இடைவெளி கிடைத்தால் தானே எறிகிற 'கார்டு' என்ற இடத்தில் ஆட, கால் வேகமும் புத்தியும்தான் முதல்.

ஊரில் நியூ லீடர்ஷிப் சார்ட்டர் ஸ்கூல் என்ற பள்ளியில் படித்தார். ஹைஸ்கூல் தொடங்குவதற்கு முன்பே பள்ளியின் முதன்மை அணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார். பதினான்கு வயதில் ஹிஜாப் அணியத் தொடங்கினார். சீருடைக்குள்ளே முழுக்கைச் சட்டை, கால் முழுவதையும் மூடும் உடை, தலையில் இறுக்கமாகக் கட்டிய துணி. இப்படி ஒரு பெண் களத்தில் ஓடுவதைப் பார்த்து எதிரணி ரசிகர்களிடமிருந்து கேலியும் வந்திருக்கிறது, கெட்ட வார்த்தையும் வந்திருக்கிறது. அவர் பதில் சொன்னது ஸ்கோர் பலகையில்.

2009இல் பள்ளிப் படிப்பை முடிக்கும்போது அவர் எடுத்திருந்த புள்ளிகள் 3,070. அந்த மாநிலத்தில் அதற்கு முன்பு பெண்களில் முதலிடம் ரெபெக்கா லோபோவுடையது, 2,710. லோபோ பிறகு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஆட்டக்காரர், சாதாரண ஆள் இல்லை. பெண்கள் மட்டுமல்ல, ஆண் பிள்ளைகளும் அதுவரை மாசசூசெட்ஸ் பள்ளி ஆட்டத்தில் 3,000ஐத் தொட்டதில்லை. அந்த ஆண்டு ரமளானில் வெள்ளை மாளிகை இஃப்தாருக்கு பில்கீஸ் அழைக்கப்பட்டார். அதிபர் ஒபாமா தம் உரையில் அவர் பெயரைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

அதிகம் பேசப்படாத விஷயம், பில்கீஸ் வகுப்பிலும் சிறந்த மாணவி. அதனால் என்.சி.ஏ.ஏ. காவலாளி அவரைத் தடுக்கவில்லை. மெம்ஃபிஸ் பல்கலைக்கழகம் முழு ஸ்காலர்ஷிப்பில் அழைத்துக்கொண்டது.

மெம்ஃபிஸில் முதல் ஆண்டே முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆட்டக்காரர்களுக்கு இது பெரிய காயம். ஆபரேஷன், மாதக்கணக்கில் பயிற்சி. அந்தப் பருவம் முழுவதும் உட்கார்ந்தே இருந்தார். இங்கே அமெரிக்க முறையில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவம் ஆடலாம். காயத்தால் ஒரு வருடம் ஆடாவிட்டால் அந்த வருடம் கணக்கில் போகாது, படிப்பும் ஸ்காலர்ஷிப்பும் தொடரும். நம் ஊரில் ஒரு பிள்ளைக்கு முட்டி போனால், விடுதியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதைப் பெற்றோர் சேர்க்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: காயம் பட்டால் யார் செலவு, படிப்பு என்ன ஆகும்?

2010-11 பருவத்தில் பில்கீஸ் களம் இறங்கினார். என்.சி.ஏ.ஏ. முதல்நிலைப் போட்டியில் ஹிஜாபோடு ஆடிய முதல் பெண் அவர். மெம்ஃபிஸில் பட்டம் முடித்து, ஒரு பருவம் பாக்கி இருந்ததால் இந்தியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்குப் போனார். 2013-14இல் அந்த அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அந்தப் பிரிவின் சிறந்த ஐவர் பட்டியலில் இவர் பெயரும் வந்தது. மேற்படிப்புப் பட்டமும் கைக்கு வந்தது.

அடுத்த படி ஐரோப்பாவில் தொழில்முறை ஆட்டம். ஏஜென்டும் தயார். அங்கேதான் கதவு சாத்தியிருந்தது.

உலகக் கூடைப்பந்தை ஆளும் அமைப்பு ஃபிபா. தலையில் எதையும் அணியக் கூடாது, வியர்வைப் பட்டி மட்டும் ஐந்து சென்டிமீட்டர் அகலம் வரை அணியலாம் என்பது அதன் விதி. காரணம் பாதுகாப்பு என்றார்கள். அமெரிக்கப் பள்ளியிலும் கல்லூரியிலும் வருடக்கணக்கில் அனுமதியோடு ஹிஜாபில் ஆடிய பெண்ணால் எதிராளி யாருக்கு என்ன ஆபத்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

இந்த விதி முஸ்லிம் பெண்களை மட்டும் குத்தவில்லை. 2014 ஜூலையில் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில், இந்திய அணியின் சீக்கிய வீரர்கள் அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் இருவரையும் ஆட்டத்துக்கு முன் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள். இருவரும் சத்னாம் ஆடிய அதே லூதியானா அகாடமிப் பிள்ளைகள். வாழ்நாளெல்லாம் தலைப்பாகையோடு ஆடியவர்கள், கழற்றிவிட்டுத்தான் ஆட வேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து தென்கொரியாவின் இன்சியோனில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அங்கே கத்தார் பெண்கள் அணியை ஹிஜாபைக் கழற்றச் சொன்னார்கள். கழற்ற மாட்டோம் என்று ஆடாமலே ஊர் திரும்பினார்கள். கழற்றி ஆடியவர்களையும், கழற்றாமல் திரும்பியவர்களையும் நான் தராசில் வைக்க மாட்டேன். அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளிய விதிதான் தப்பு.

எதிர்ப்பு பல பக்கமிருந்து வந்தது. சீக்கியர்கள் எழுதினார்கள், முஸ்லிம் அமைப்புகள் எழுதின, பில்கீஸும் குரல் கொடுத்தார். ஃபிபா முதலில் இரண்டு ஆண்டு சோதனை என்றது. 2017 மே மாதம் ஹாங்காங்கில் கூடிய மாநாட்டில் விதியை மாற்றியது. 2017 அக்டோபர் 1 முதல் நடைமுறை. தலைத்துணி கருப்பு அல்லது வெள்ளை அல்லது சீருடை நிறத்தில் இருக்க வேண்டும், ஒரே அணியில் அணிகிறவர்கள் எல்லோரும் ஒரே நிறம், முகத்தை மறைக்கக் கூடாது, கழுத்தைச் சுற்றிப் பின், கொக்கி கூடாது, தொங்கும் முனை இருக்கக் கூடாது. இன்றைக்கு நம் பெண் பிள்ளைகள் ஆடும்போதும் இந்த வரிகளை நினைவில் வைக்க வேண்டும். ஸ்கார்ஃபில் ஊசி குத்தி ஆடுவது விதிப்படியும் தப்பு, பிள்ளைக்கும் ஆபத்து. தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளும் விளையாட்டு ஹிஜாப் கடைகளிலேயே கிடைக்கிறது.

கதவு திறந்தபோது பில்கீஸுக்கு இருபத்தாறு வயது முடியப் போகிறது. மூன்று வருடம் போய்விட்டது. அந்த மூன்று வருடத்தில், தலைத்துணியைக் கழற்றிவிடலாமா என்ற எண்ணம்கூட வந்ததை அவர் மறைக்கவில்லை. ஆட்டம் இல்லாத நான் யார் என்று குழம்பியதாகவும் சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஈமான் உள்ளவருக்குச் சோதனையே வராது என்று நாம் மேடையில் பேசிவிடுகிறோம். வீட்டில் பிள்ளை இப்படி ஒரு குழப்பத்தோடு வந்து நின்றால் முதலில் திட்டுகிறோம்.

தொழில்முறை லீக்கில் அவர் ஆடவே இல்லை. ஆனால் அவர் வீதியில் நிற்கவில்லை. கையில் இரண்டு பட்டம் இருந்தது. மெம்ஃபிஸில் ஒரு முஸ்லிம் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் சேர்ந்தார். திருமணமாகி கனடாவின் லண்டன் நகரத்துக்குப் போன பிறகும் பிள்ளைகளுக்குப் பயிற்சி. முஸ்லிம் சிறுமிகளுக்குக் கூடைப்பந்து கற்றுத்தர ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சத்னாமைத் தடுத்தது படிப்பு. பில்கீஸைத் தடுத்தது யாரோ எழுதி வைத்த விதி. இருவருக்கும் கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு எங்கே போய் நிற்பது என்பதில்தான் வித்தியாசம்.

சரி, அமெரிக்கா நமக்குத் தூரம். தமிழ்நாட்டில் என்ன வழி?

இங்கே ஆட்டக்காரருக்கு வாழ்க்கை தருவது லீக் அல்ல, வேலை. ரயில்வே, வங்கி, காவல்துறை, வருமான வரித்துறை போன்றவை விளையாட்டு வீரர்களை எடுக்கின்றன. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் அணியின் கேப்டன் ஆனவர். தெற்கு ரயில்வேயில் வேலை. குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருக்கு அந்த ரயில்வே வேலை இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு வருடம் ஆடியிருக்க முடியுமா என்பது கேள்வி.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி விடுதிகள் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி அரசு செலவு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கேட்பது சான்றிதழ். நாட்டுக்காக ஆடியதற்கு ஒரு படிவம், மாநிலத்துக்காக ஆடியதற்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று தனித்தனி. எந்தப் போட்டி செல்லும், எது செல்லாது என்று பார்க்காமல், தெருவில் நடக்கும் டோர்னமென்ட் கோப்பைகளை ஷோகேஸில் அடுக்கி வைத்துவிட்டு, விண்ணப்பிக்கும் நாளில் கையைப் பிசைபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆடிய அன்றே சான்றிதழை வாங்கி ஒரு ஃபைலில் போட வேண்டும். ஆதார், பிறந்த தேதி, பெயரின் எழுத்து மூன்றும் எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளின் அரபிப் பெயரை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவது பெரிய தொல்லை.

விடுதியில் சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவற்றையும் அந்தச் சகோதரரிடம் சொன்னேன். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கும், பயிற்சியால் போகும் வகுப்பை யார் சொல்லிக்கொடுப்பார்கள், போன வருடம் அந்த விடுதியில் பத்தாவது, பன்னிரண்டாவது எழுதியவர்கள் என்ன மார்க் வாங்கினார்கள்? ஜும்ஆ நாளில் பயிற்சி எத்தனை மணிக்கு, நோன்பு காலத்தில் சஹர் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு? பயிற்சியாளர்களிடம் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துழைக்கிறார்கள். நாம்தான் கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு வீட்டில் உட்கார்ந்து குறை சொல்கிறோம்.

மகளைப் பற்றிச் சொல்லும்போது அவர் கொஞ்சம் தயங்கினார். "ஊர்ல என்ன சொல்லுவாங்களோ ஹஸ்ரத்." நான் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். உடை ஒழுங்கு, பயிற்சியாளர் யார், வெளியூர்ப் போட்டிக்குப் போனால் கூடப் போவது யார், தங்குவது எங்கே, இவை மார்க்க அடிப்படையில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஆண் பிள்ளைக்கும் இவற்றில் பாதி பொருந்தும், ஆனால் யாரும் கேட்பதில்லை. இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு ஊர் என்ன சொல்லும் என்பது மார்க்கம் அல்ல. நம் ஜமாஅத்தில் சிலர் இதில் என்னோடு உடன்பட மாட்டார்கள், அது எனக்குத் தெரியும்.

வீட்டில் உம்மாவிடம் பேசினாரா என்று அடுத்த வாரம் கேட்டேன். பேசியிருக்கிறார். பையன் இந்த வருடம் டவுன்ஷிப்பிலேயே படித்து, ஆங்கிலத்திலும் கணக்கிலும் எழுபதுக்கு மேல் எடுத்தால் ஒன்பதாம் வகுப்புக்கு விடுதித் தேர்வு எழுதலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. மகள் பத்தாவது பொதுத்தேர்வு வரை காலையில் மட்டும் பயிற்சி, பிறகு பதினொன்றாம் வகுப்புத் தேர்வு. அவள் பில்கீஸின் புள்ளி எவ்வளவு என்று அத்தாவிடம் கேட்டு, படிக்கிற மேசைக்கு மேல் சாக்பீஸால் 3,070 என்று எழுதி வைத்திருக்கிறாளாம். அதற்குக் கீழே தம்பி, கணக்கில் தான் எடுத்த 41ஐ எழுதியிருக்கிறான்.

"சுவரை யாரு பாய் வெள்ளையடிக்கிறது, குவார்ட்டர்ஸ் வீடாச்சே" என்றேன். சிரித்துவிட்டு ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.